18 வயதில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. கடலூர் உப்புத் தண்ணீர்தான் காரணமா? என்ன எண்ணெய் தேய்க்கலாம்?

எண்ணெயை அப்புறம் பார்க்கலாம்மா. மூன்று மாதத்துக்கு முன்னால் உனக்கு என்ன நடந்தது? காய்ச்சல் வந்ததா? உடம்பு இளைக்க வேண்டும் என்று சோற்றை நிறுத்தினாயா? பீரியட்ஸ் எத்தனை நாள் போகிறது? இதெல்லாம் நீ எழுதவில்லை. என் மகளிடம் நானும் கேட்காமல் விட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். மகள் பிளஸ் டூ படித்தபோது ஐப்பசி மழையில் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தேறி வந்துவிட்டாள். தை பிறந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பு நிறைய முடி, தலையணையில் முடி, குளித்தால் தண்ணீர் போகும் ஜாலியே அடைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது சாதாரணம்தான். இது அந்தக் கணக்கில் அடங்கவில்லை. கைப்பிடி கனம் இருந்த சடை சுண்டுவிரல் அளவுக்கு வந்தது.

நானும் தண்ணீரைத்தான் திட்டினேன். எங்கள் தெரு போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. கேன் தண்ணீர் வாங்கித் தலைக்கு ஊற்றினேன், அப்போதும் நிற்கவில்லை. உப்புத் தண்ணீரில் முடி வறளும், சிக்கு விழும், நடுவில் உடையும். வேரோடு கழன்று வருவதற்குக் காரணம் வேறு. விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன முண்டு இருந்தால் அது வேரிலிருந்து வந்தது.

செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, சின்ன வெங்காயச் சாறு எல்லாம் தேய்த்தோம். "எண்ணெய் வைக்கச் சோம்பல், ராத்திரி முழுக்க போன், கொட்டாமல் என்ன செய்யும்?" என்று அவளைத் திட்டியும் இருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. புதுச்சேரியில் ஒரு முடி கிளினிக்குக்கும் கூட்டிப்போனேன். தலையில் ஊசி, மாத்திரை, ஷாம்பு எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் பேக்கேஜ் என்றார்கள். ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதவில்லை. பாதிப் பணம் கட்டினேன், அது போனதுதான்.

கடைசியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். வகிட்டைப் பார்த்தார், நாலைந்து இடத்தில் முடியை மெதுவாக இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார். திரும்ப உள்ளே கூப்பிட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. மாதாமாதம் ஒன்பது, பத்து நாள் ரத்தப்போக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று இரண்டு வருஷமாக இருந்திருக்கிறாள். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துச் சொல்லவில்லையாம்.

ஹீமோகுளோபின் 8.4 இருந்தது, குறைந்தது 12 இருக்க வேண்டும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 5 தான். தைராய்டு சரியாக இருந்தது. டாக்டர் சொன்னது இதுதான்: கடுமையான காய்ச்சல் வந்தால் வளர்ந்துகொண்டிருக்கிற முடியில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். அதனால்தான் காய்ச்சலையும் முடியையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அது தானாக நின்று திரும்ப வளரக்கூடியது. இவளுக்கு ரத்தசோகையும் இருந்ததால் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டோடு டீ, காபி கூடாது, எலுமிச்சைச் சாறோடு போடு என்றார். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. ரத்தப்போக்குக்கு மகளிர் மருத்துவரிடம் தனியாகக் காட்டினோம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தவில்லை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், பொறுமை வேண்டும். ஐந்தாவது மாதம் நெற்றியோரம் குட்டிக் குட்டியாகப் புது முடி நீட்டிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவள் படித்த பள்ளியில் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அந்த நாட்களில் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று முறை போய்ச் சொன்னேன். நிதி இல்லை என்றார்கள். ஆனால் இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் இறுக்கிக் கட்டவில்லை என்றால் வாசலிலேயே நிறுத்துவார்கள். அப்படி வருஷக்கணக்கில் இறுக்கினாலும் நெற்றியோர முடி போகும்.

நான் டாக்டர் இல்லை, ஒரு தாய். எண்ணெய் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பாட்டி வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உனக்குக் காரணம் வேறாக இருக்கலாம். பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போய், முகத்தில் முடியும் பருவும் வந்தால் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி என்பார்கள்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வட்டமாக ஒரு இடம் வழவழவென்று ஆனால் புழுவெட்டாக இருக்கலாம். வகிடு மட்டும் மெல்ல மெல்ல அகலமானால் பரம்பரையாக வருவதாக இருக்கலாம், அதற்கு மினாக்ஸிடில் என்ற மருந்தைத் தலையில் தடவச் சொல்வார்கள். கடையில் நீயாக வாங்கித் தடவாதே. இரும்பு மாத்திரையும் அப்படித்தான், ரத்தம் பார்த்த பிறகு போடு.

தோல் டாக்டரைப் பார். கிளினிக் செலவு கட்டாது என்றால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியிலும் தோல் பிரிவு இருக்கிறது. போகும் அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதே. கடைசி மூன்று பீரியட்ஸ் தேதிகளை எழுதி எடுத்துக்கொண்டு போ. முடிக்கென்று விற்கிற பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடு, தைராய்டு ரிப்போர்ட்டைத் தப்பாகக் காட்டும். அம்மா கூட வந்தால் பேசக் கூச்சமாக இருக்கும் என்றால் அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லு. கோபித்துக்கொள்ள மாட்டார்.