சீனத் தூதர்களின் வரலாறு படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, போன வாரம் மகளோடு வந்திருந்தீர்கள். அவள் வெளியே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், 150 வருஷத்துக்கு முன்னாடி சீனாக்காரங்க லண்டனுக்குப் போன கதையைப் படிச்சா இவளுக்கு யார் வேலை கொடுப்பாங்க?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு நேரம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அவள் நோட்டைப் பிரித்துப் பார்த்தீர்களா? ஒரு பக்கத்தில் லண்டன் தெரு ஒன்றைப் பென்சிலால் வரைந்து, 'போர்ட்லண்ட் பிளேஸ், 49' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாள். பின்னாளில் சீனாவில் மன்னராட்சியை ஒழித்துக் குடியரசு அமைத்த சுன் யாட்-சென்னை, 1896 அக்டோபரில் சீனத் தூதரகத்தார் 12 நாள் அடைத்து வைத்திருந்த இடம் அது, இன்றைக்கும் சீனத் தூதரகம் அங்கேதான் இருக்கிறது. யாரும் சொல்லித் தராமல் இதைத் தேடிப் பிடித்திருக்கிறாள். இது வெறும் ஆசை இல்லை அம்மா.

உங்கள் பயத்துக்கும் பதில் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1875இல் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் மார்கரி என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார், அதற்கு வருத்தம் தெரிவிக்கக் குவோ சொங்தாவ் என்ற மூத்த அதிகாரியைச் சீன அரசு அனுப்பியது. 1877 ஜனவரியில் லண்டன் வந்து சேர்ந்தவர் அங்கேயே தங்கி, பிரிட்டனில் சீனாவின் முதல் நிரந்தரத் தூதர் ஆனார். பெரிய படிப்பாளி, நேர்மையானவர், ஆனால் ஆங்கிலம் தெரியாது. வழியிலும் லண்டனிலும் பார்த்ததில் நல்லதை நல்லது என்றே டைரியில் எழுதினார், அது அச்சானதும் சீனாவில் அவ்வளவு எதிர்ப்பு, அச்சுக் கட்டைகளையே அழிக்க உத்தரவு வந்தது. கூட வந்த துணைத் தூதர் லியூ ஷிஹொங்கே அவர்மேல் குற்றப்பட்டியல் அனுப்பினார். என்ன குற்றம் தெரியுமா? குளிரில் ஓர் ஆங்கிலேயரின் மேலங்கியைப் போர்த்திக்கொண்டாராம், பக்கிங்ஹாம் அரண்மனைக் கச்சேரியில் நிகழ்ச்சி நிரல் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாராம். இரண்டே வருஷத்தில் அவர் பதவி போனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

ஆனால் நான் உங்களுக்குக் காட்ட நினைப்பது அவரோடு மொழிபெயர்ப்பாளராக வந்த ஜாங் தெயியை. 1862இல் பெய்ஜிங்கில் தொங்வென்குவான் என்ற அயல்மொழிப் பள்ளி திறந்தபோது அவருக்கு 15 வயது. செவ்வியல் நூல்களைப் படித்து அரசுத் தேர்வு எழுதுவதுதான் கௌரவம் என்று இருந்த காலம், வெளிநாட்டுக்காரன் பாஷை படிக்கப் பிள்ளையை அனுப்புவதை நல்ல குடும்பங்கள் தாழ்வாகவே நினைத்தன. முதல் வகுப்பில் 10 மாணவர்கள்தான். அந்தப் பையன் 19 வயதில் ஐரோப்பா போனார், 1871இல் பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் புரட்சி நடந்த நாட்களில் அங்கே இருந்து பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தார், பிறகு சீனாவின் குவாங்ஷு பேரரசருக்கே ஆங்கிலம் கற்றுக் கொடுத்தார், 1902இல் அதே லண்டனுக்குத் தூதராகவே போனார். பள்ளியில் சேர்ந்து 40 வருஷம் ஆகியிருந்தது.

அவரைத் தூக்கிவிட்டது மொழிதான். உங்கள் மகளுக்கும் நான் சொல்வது இதுதான்: வரலாறு மட்டும் படித்தால் கஷ்டம், சீனமும் சேர்த்துப் படித்தால் வழிகள் திறக்கும். பிளஸ் டூ முடித்ததும் டெல்லி ஜே.என்.யூ. பல்கலைக்கழகத்தில் சீன மொழியில் பி.ஏ. ஆனர்ஸ் சேரலாம், அதற்கு கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சாந்திநிகேதனில் விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தில் 1937இல் தொடங்கிய சீன மொழித் துறையான சீன பவனம் இன்னொரு நல்ல இடம். மொழி கையில் வந்துவிட்டால் மொழிபெயர்ப்பு, சீனாவோடு வியாபாரம் செய்யும் கம்பெனிகள் என்று சம்பாத்தியத்துக்கு வழி உண்டு. யூ.பி.எஸ்.சி. எழுதி வெளியுறவுப் பணிக்குப் போகிறவர்கள் ஒரு வெளிநாட்டு மொழி கற்றே ஆக வேண்டும், அதில் சீனமும் ஒன்று. ஆனால் எந்த மொழி என்பது அவள் கையில் மட்டும் இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் பாதை நீளம். குவோவின் டைரி இன்றைய பேச்சுச் சீனத்தில் இல்லை, பழைய செவ்வியல் நடையில் இருக்கிறது, அதைத் தனியாகப் படிக்க வேண்டும். பிரிட்டன் பக்கத்து ஆவணங்கள் லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்தில், எஃப்.ஓ. 17 என்ற பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைக் கோப்பு வரிசையில் இருக்கின்றன, அங்கே போக உதவித்தொகை தேட வேண்டியிருக்கும். முனைவர் பட்டம் முடிக்கிற வரை வீட்டிலிருந்து அவளிடம் பணம் எதிர்பார்க்க முடியாது. அது உங்களால் முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், அவளையும் வைத்துக்கொண்டு.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள், தினமும் ஒரு மணி நேரம் சீன எழுத்து எழுதிப் பழகட்டும், மூன்று மாதம். கை வலிக்கும், எழுதியதே மறந்து போகும், அப்போதும் விடாமல் உட்காருகிறாளா என்று பாருங்கள். அப்புறம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், அவள் அப்பாவும் கூட வரட்டும்.