எடோ நகரம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரு வேண்டுகோள்: எந்தக் காலத்து எடோ (இன்றைய டோக்கியோ) என்று சொல்லிக் கேளுங்கள். ஊரின் பெரும்பகுதியை எரித்த 1657 தீக்கு முந்தைய ஊர் வேறு, பிந்தைய ஊர் வேறு.

கேள்வி: 18-ஆம் நூற்றாண்டு எடோவில் யாருக்கு எவ்வளவு நிலம்?

பதில்: மக்கள்தொகை சுமார் 10 லட்சம். அதில் பாதிப்பேர் வணிகரும் கைவினைஞரும். அவர்களுக்கு வாய்த்ததோ ஊரில் 15 சதவீதம்தான். சுமார் 70 சதவீதம் சாமுராய்களிடம், மீதி கோயில்களிடம். வட்டாரங்களை ஆண்ட சாமுராய் பிரபுக்களான டைம்யோக்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோவில் இருந்தாக வேண்டும் என்று 1635-இல் சட்டம் வந்தது. பரிவாரத்தோடு தங்க அவர்களுக்குப் பெரிய வளாகங்கள் தேவைப்பட்டன. ஏழைகளின் நகாயா (வரிசை வீடு) அறை 2.7 மீட்டருக்கு 3.6 மீட்டர். நுழைந்ததும் மண்தரை, அடுப்பு. அதைத் தாண்டி நாலரைப் பாய் விரிக்கும் இடம். கிணறும் கழிப்பறையும் சந்துக்கே பொது.

கேள்வி: தெருக்களை அகலமாக்கியது எப்போது?

பதில்: 1657-க்குப் பிறகு. தீ தாவாமல் இருக்க அகலச் சாலைகள் விட்டார்கள், கோயில்களை ஊர் ஓரத்துக்கு நகர்த்தினார்கள். எரிந்த கோட்டைக் கோபுரத்தைத் திரும்பக் கட்டவே இல்லை.

கேள்வி: இவ்வளவு பெரிய ஊருக்கு எத்தனை போலீஸ்?

பதில்: நகர நீதிபதி அலுவலகம் இரண்டு, மாதம் மாறி மாறிப் பொறுப்பு. இரண்டிலும் சேர்த்து அலுவலர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. ஒழுங்கைத் தாங்கியது தெருவேதான்: தெருத் தலைவர், வாடகை வசூலிக்கும் மேலாளர், ஒருவர் தவறுக்கு மற்றவரும் பொறுப்பேற்கும் ஐவர் குழு. இரவு பத்து மணி வாக்கில் தெருமுனை மரக்கதவைச் சாத்துவார்கள். தாமதமாக வருபவரைக் காவலாள் திட்டிவாசல் வழியே விட்டு, கட்டை தட்டி அடுத்த தெருவுக்குத் தகவல் சொல்வார்.

கேள்வி: சாமுராய், உழவர், கைவினைஞர், வணிகர் என்று நாலு படிதானே?

பதில்: அது சீன நூல்களிலிருந்து வந்த பாகுபாடு. நகர நிர்வாகம் கைவினைஞரையும் வணிகரையும் ஒரே வகையாகத்தான் நடத்தியது. உண்மையிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் தோல் வேலை, பிண வேலை செய்தவர்கள். இந்த நாலு படியில் அவர்களுக்கு இடமே இல்லை.

கேள்வி: நாலு படியில் வணிகர் ஏன் கடைசி?

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கழிப்பறைக் கழிவை உரமாக விற்ற பணம் குடியிருந்தவருக்குத்தானே?

பதில்: எடோவில் இல்லை. மேலாளருக்குப் போனது, அவருக்கு அது நல்ல வருமானம்.

கேள்வி: ஒசாகாவில் குடியிருப்பவருக்கு உரிமை இருந்ததே?

பதில்: சிறுநீருக்கு மட்டும். மலம் வீட்டு உரிமையாளருக்கு. ஆள் குறைந்தால் கழிவும் குறையும் என்று வாடகையை ஏற்றியதும் உண்டு. 1724-இல் ஒசாகாவில் எந்தப் பகுதிக் கழிவை யார் அள்ளுவது என்று இரண்டு கிராமக் கூட்டங்கள் மோதிக்கொண்டன. வயலுக்கு அவ்வளவு தேவைப்பட்ட உரம் அது. ஒசாகா வழக்கத்தை எடோவுக்குப் பொருத்தாதீர்கள். ஊரையும் காலத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: கியோட்டோ தோட்டங்கள்?

பதில்: என் துறை இல்லை.