வாசகர் கேள்வி: வகுப்பறை யன்னலும் பகல் வெளிச்சமும்

கேள்வி: எங்கள் பாடசாலைக்குப் புதிய கட்டடம் வரவிருக்கிறது. பெரிய யன்னல்கள் இருந்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்பது உண்மையா?
– ஒரு பெற்றோர், திருகோணமலை

பதில்: ஓரளவுக்கு உண்மை. 1999இல் வெளியான ஆய்வொன்றின்படி, கலிபோர்னியாவின் கபிஸ்ட்ரானோ பகுதியில், பகல் வெளிச்சம் மிகுந்த வகுப்பறைகளில் பயின்றவர்கள், மிகக் குறைந்த வெளிச்சத்தில் பயின்றவர்களைவிட ஓராண்டில் கணிதத்தில் 20 வீதமும் வாசிப்பில் 26 வீதமும் வேகமாக முன்னேறினர். ஆயினும் 2003இல் அதே மாநிலத்தின் பிரெஸ்னோ நகரில் நடந்த மறு ஆய்வில் அத்தொடர்பு உறுதிப்படவில்லை, கண்கூசும் ஒளி கற்றலைப் பாதிப்பதே தெரிந்தது.

வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லாத நம் ஊருக்கு இரண்டாவது முடிவே முக்கியம் என்பேன். யன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்து, காலை மாலை வெயில் தாழ்வாக நுழையும் கிழக்கு, மேற்குச் சுவர்களை இயன்றவரை அடைத்துவிடக் கேளுங்கள். சித்திரையிலிருந்து ஆவணி நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் இங்கு வடக்கே சாய்வதால், வடபுறத்துக்கும் அகலமான விறாந்தை தேவை.