மருத்துவ உதவி அறக்கட்டளையின் இணையதளம் பயன்படுத்த எளிதா என்று எப்படிப் பார்ப்பது?

பயன்பாட்டு எளிமை என்றால், தளத்துக்கு வந்தவர் யாரையும் கேட்காமல் வந்த வேலையை முடிக்க முடிகிறதா என்பதுதான்.

மருத்துவ உதவி தேடி வருகிறவர் பதற்றத்தில் இருப்பார். தொண்டியிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு மீனவர் வீட்டுப் பெண், அப்பாவின் டயாலிசிஸ் செலவுக்கு வழி தேடி, வெயிலில் நின்று சின்ன போனில் பார்க்கிறார் என்று வையுங்கள். அந்த நிலையில் யாரும் நிதானமாக வாசிப்பதில்லை, கண்ணை ஓட்டுவார்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகை போல, ராமேஸ்வரமா ஏர்வாடியா என்று வண்டி நிற்கும் முன்பே தெரிய வேண்டும். பல தளங்களில் விழாப் படங்களும் நன்கொடைப் பொத்தானும் முதலில் வருகின்றன. உதவிக்கு விண்ணப்பிக்கும் வழி அடியில் கிடக்கிறது. எனக்கு இதுதான் பெரிய குறை.

சோதிப்பது எளிது. தளத்தைப் பார்த்திராத நாலைந்து பேரிடம் போனைக் கொடுத்து, ‘உதவிக்கு விண்ணப்பியுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் கவனியுங்கள். விரல் தயங்கும் இடத்தில்தான் கோளாறு.

அப்புறம் எழுத்து. இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த முடியவேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) என்ற சர்வதேச வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு கேட்கிறது. வெளிர்சாம்பல் எழுத்து கடற்கரை வெயிலில் தெரியவே தெரியாது.

அழகான தளம் தானாகவே எளிதான தளமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.