25-ஆல் பெருக்கிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் 1969 டாட்ஜ் சார்ஜர் என்ற அமெரிக்கக் காரை 1:25 அளவில், அதாவது நிஜக் காரில் 25-ல் ஒரு பங்காக, மாடலாகச் செய்த அனுபவத்தை எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவே இல்லை. பாதிக்கு மேல் நம் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும்தான். பலரும் கேட்டிருந்ததை எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, மசில் கார் என்று எதைச் சொல்கிறார்கள்? முதல் மாடலுக்கு எந்தக் காரை எடுக்கலாம்?
(கல்லூரி மாணவர், அம்மாப்பேட்டை)

நடுத்தர அளவுக் குடும்பக் காரில், பெரிய காருக்கென்று செய்த வி-8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினைத் தூக்கி வைத்தால் அது மசில் கார், தம்பி. 1964 மாடலாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் பலரும் தொடக்கமாகச் சொல்வார்கள். அந்த அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் குழு 389 கன அங்குல இன்ஜினை வைத்துவிட்டு, இது புதுக் கார் இல்லை, ஏற்கெனவே விற்றுவந்த டெம்பெஸ்ட் காருக்கு ஒரு கூடுதல் வசதிதான் என்று காட்டி விதியைத் தாண்டிவிட்டது. 389 கன அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 6.4 லிட்டர். நம் மாருதி 800 இன்ஜின் எட்டைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. 1970 செவர்லே செவெல் எஸ்.எஸ். காரில் அது 7.4 லிட்டர் வரை போனது, 450 குதிரைத்திறன். அப்புறம் இன்சூரன்ஸ் செலவு, புகைக் கட்டுப்பாடு, 1973 எண்ணெய் நெருக்கடி என்று வரிசையாக வந்து அந்தக் காலம் முடிந்தது.

முதல் மாடலுக்கு எந்தக் கார் பிடிக்கிறதோ அதையே எடுங்கள், பிடிக்காத காரைப் பழகுவதற்காகச் செய்தால் பாதியில் நின்றுவிடும். ஆனால் கறுப்பு நிறம் மட்டும் வேண்டாம். கறுப்பில் ஒவ்வொரு கீறலும் தெரியும். கிட் (பாகங்களாக வரும் பிளாஸ்டிக் மாடல்) பெட்டியைத் திறந்ததும் பசையை எடுக்காதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் எல்லாப் பாகத்தையும் கழுவிக் காயவைக்க வேண்டும், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பிறகு ஒட்டாமல் ஒருமுறை முழுக் காரையும் டேப் போட்டுப் பொருத்திப் பாருங்கள். பழைய அச்சுகளையே திரும்பத் திரும்ப வார்த்து விற்பதால் பல கிட்களில் இன்டீரியர் தொட்டி (சீட்டெல்லாம் இருக்கும் உள்பாகம்) கொஞ்சம் பெரிதாக இருக்கும், பாடி அதன்மேல் உட்காராது. பெயின்ட் அடித்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது பெரிய கொடுமை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று. எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் அதை மனதுக்குள் 25-ஆல் பெருக்கிப் பாருங்கள். சார்ஜர் கார் 5.28 மீட்டர் நீளம், மாடலில் அது 21 செ.மீ. நீளம் பெரும்பாலான கிட்களில் சரியாகத்தான் இருக்கும். கனத்தில்தான் கோட்டை விடுவோம். பிரஷ்ஷால் தாராளமாகப் பூசிய பெயின்ட் 0.1 மி.மீ. கனம் இருந்தால், நிஜக் காரில் இரண்டரை மி.மீ. கனத்துக்குப் பெயின்ட் அப்பியதுபோல ஆகும். கதவைச் சுற்றியுள்ள கோடு அதில் அடைந்துபோகும், கார் பொம்மையாகத் தெரியும். அதனால் ப்ரைமர் (பெயின்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு) அடிப்பதற்கு முன்பே கத்தியின் முதுகால் கதவு, டிக்கி, பானட் கோடுகளை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து ஆழமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். நவம்பரில் என் மஸ்டாங் கார் மாடலுக்குச் சிவப்பு அடித்தேன். அடிக்கும்போது பளபளவென்று இருந்தது, பத்து நிமிடத்தில் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. பெயின்ட் போலியா?
(காபித் தோட்ட ஊழியர், ஏற்காடு)

பெயின்ட் நல்ல பெயின்ட்தான் சார். இது மூடுபனியின் வேலை. லாக்கர் பெயின்டில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது அடித்த இடத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அந்த இடம் குளிர்ந்ததும் காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் இறங்கும், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நிற்குமே, அதேதான். அந்த ஈரம் பெயின்டுக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரிகிறது. 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி கார்த்திகையில், மதியமே விளக்குப் போட வேண்டியிருக்கிற ஊரில் லாக்கர் அடித்தால் இது நடக்கத்தான் செய்யும்.

பெயின்டைச் சுரண்டிவிடாதீர்கள். நல்ல வெயில் அடிக்கும் நாளுக்குக் காத்திருந்து, மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் சின்னக் கருவி) ஊற்றிப் பனித்துளி விழுவதுபோல ஒரே ஒரு மெல்லிய கோட் விடுங்கள். மேல்தோல் இளகி ஈரத்தை விட்டுவிடும், பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். அடுத்த முறை அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் 60 வாட்ஸ் குண்டு பல்பு போட்டு, பாடியை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி, வெளியே எடுத்து அடியுங்கள். அடித்து முடித்து, தின்னர் வாடை போன பிறகு திரும்பவும் அதே பெட்டிக்குள். பல்புக்கும் பாடிக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும், மாடலின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் சூட்டுக்கு வளைந்துவிடும். சூடு கையால் தாங்கக்கூடியதாக இருந்தால் போதும்.

மலையடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கு நேர் எதிரான கஷ்டம். மே மாதம் மூன்று மணி வெயிலில் மொட்டைமாடியில் நின்று என் சார்ஜருக்கு முதல் கோட் அடித்தேன். துளிகள் பாடியில் விழுவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிட்டன. விரலால் தடவினால் பானட் முழுக்க உப்புத்தாள். ஒரு வாரம் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து அதை எடுத்தேன். அன்றிலிருந்து கோடையில் காலை ஆறு மணிக்குத்தான் ஏர்பிரஷ். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ஒரு வானிலை, கீழே ஒரு வானிலை, பெயின்ட் டப்பாவின் மேல் அச்சடித்திருப்பது இரண்டுக்கும் ஒத்துவராது.

இதிலேயே இன்னொரு விஷயம். கார் பட்டறையில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டையும் தின்னரையும் பலர் வாங்கி அடிக்கிறார்கள். நிறம் அருமையாக வரும், ஆனால் அந்தத் தின்னர் வெறும் பிளாஸ்டிக்கை அரித்து மேல்தளத்தைப் பொரியவைத்துவிடும். கீழே நல்ல ப்ரைமர் இரண்டு கோட் இல்லாமல் தொடாதீர்கள். மெட்டாலிக் என்றால் பட்டறைப் பெயின்ட் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள மினுக்குத் துகள்களையும் 25-ஆல் பெருக்கிப் பாருங்கள், நிஜக் காரில் அரிசிக் குருணையைத் தூவியதுபோல இருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. அப்பாவின் கருவிகளை மாடலுக்குப் பயன்படுத்தலாமா? க்ரோம் பட்டைக்கு நிஜ வெள்ளியையே வைக்கலாமா?
(செவ்வாய்ப்பேட்டை)

உங்கள் வீட்டில் இருப்பது எங்களுக்கெல்லாம் கிடைக்காத சொத்து. வெளிநாட்டு மாடல் கருவி என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோமே, அதைவிட நல்ல சாமணமும் பொடி அரமும் அப்பாவின் மேசையில் கிடக்கின்றன. அவரைக் கேட்காமல் மட்டும் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் தூள் ஏறிய அரத்தைத் திரும்ப வெள்ளியில் வைத்தால் வேலை கெடும், அதனால் இரண்டு அரத்தைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிஜ வெள்ளி வேண்டாம் என்றுதான் சொல்வேன். காற்றில் இருக்கும் கந்தகத்துக்கு வெள்ளி கறுக்கும். கொலுசைத் தேய்த்து வெளுக்கலாம், பெயின்ட் அடித்த காரில் ஒட்டிய பட்டையைத் தேய்க்க முடியாது. கண்ணாடி ஓரப் பட்டைக்குப் பின்பக்கம் பசை தடவிய மெல்லிய அலுமினியத் தாள் மாடல் கடைகளில் கிடைக்கும். அதை ஒட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் நீவி, புது பிளேடால் ஓரத்தை வெட்டி எடுங்கள். பிளேடை அழுத்தக் கூடாது, அதன் கனமே போதும். ஆனால் ஏரியலை உங்கள் பட்டறைக் கம்பியில் செய்யுங்கள். 3 மி.மீ. ஏரியல் மாடலில் 0.12 மி.மீ., அவ்வளவு மெல்லிய நேரான கம்பியை இழுத்துத் தர உங்கள் அப்பாவால் முடியும். அதை மட்டும் கறுக்காமல் இருக்க வார்னிஷில் தோய்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டோடு வரும் க்ரோம் பம்பர் கண்ணாடிபோல மின்னுகிறது என்று அப்படியே மாட்டிவிடாதீர்கள். வெட்டி எடுத்த இடத்தில் வெள்ளைத் தழும்பு தெரியும், அச்சின் கோடும் அப்படியே இருக்கும். அது வெற்றிடத்தில் படியவைத்த மெல்லிய அலுமினியப் பூச்சு, வீட்டில் இருக்கும் ப்ளீச்சில் ஊறவைத்தால் கரைந்துபோகும். கழுவி, தழும்பைத் தேய்த்து, பளபளப்பான கறுப்பு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் க்ரோம் பெயின்ட். அடியில் கறுப்பு எவ்வளவு வழவழப்போ, க்ரோமும் அவ்வளவு நன்றாக வரும்.

கேள்வி: நான் கார் மெக்கானிக். சார்ஜரில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருக்கிறது என்கிறேன், நண்பர் பின்னால்தான் என்று அடித்துச் சொல்கிறார். ஸ்பார்க் பிளக் ஒயர்களை எந்த வரிசையில் மாட்டுவது?
(கொண்டலாம்பட்டி)

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். (மற்றவர்களுக்கு: ஸ்பார்க் பிளக்குகளுக்கு வரிசையாக மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பதுதான் டிஸ்ட்ரிபியூட்டர்.) சார்ஜரில் பல இன்ஜின்கள் வந்தன. 440 கன அங்குலம் என்றாலும் 426 ஹெமி என்றாலும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம், வலது ஓரம். சின்ன 318 என்றால் பின்பக்கம், கேபினை ஒட்டி. உங்கள் கிட்டில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

டிரைவர் உட்காரும் இடது பக்கம், முன்னாலிருந்து சிலிண்டர் 1, 3, 5, 7. வலது பக்கம் 2, 4, 6, 8. எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இது 440-க்கும் 318-க்கும் ஒன்றுதான், ஆனால் மேலிருந்து பார்த்தால் 440-ல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும், 318-ல் வலஞ்சுழி. ஹெமி செய்கிறீர்கள் என்றால் பிளக் ஒயர் வால்வ் கவரின் நடுவிலேயே இறங்கும், பக்கவாட்டில் மாட்டிவிடாதீர்கள். இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். பானட்டைத் திறந்ததும் ஒரு மெக்கானிக்கின் கண் முதலில் அங்கேதான் போகும், அது உங்களுக்கே தெரியும்.

7 மி.மீ. ஒயர் மாடலில் 0.28 மி.மீ. மோட்டார் ரீவைண்டிங் கடையில் 30 கேஜ் காயில் கம்பி கேளுங்கள், 0.3 மி.மீ. சொச்சம் வரும். மங்கலான கறுப்பு அடித்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஓட்டை போட்டுச் செருகுங்கள். தையல் நூல் வேண்டாம், அதன் பிசிறு 25 மடங்கில் பிரிந்த கயிறுபோலத் தெரியும்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. நான்கு நாளாக ஒரே கதவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். பசை நெடி தலையை வலிக்கிறது. இதைச் செய்ய விடலாமா, வேண்டாமா?
(ஒரு தாய், சூரமங்கலம்)

செய்ய விடுங்கள் சகோதரி, ஆனால் சில விஷயங்களை மாற்றிவிடுங்கள். அந்தப் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து ஒட்டுவது, அதனால் நெடி இருக்கும். ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டு, வெளிக்காற்று வர ஃபேனை வைத்து, பசை பாட்டிலை ஒவ்வொரு முறையும் மூடச் சொல்லுங்கள். பெயின்டுக்கு இந்த வயதில் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் போதும், லாக்கரும் ஸ்பிரேயும் இன்னும் சில வருடம் கழித்து. துணி மாஸ்க் தூசைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது, அதை நம்பி வீட்டுக்குள் ஸ்பிரே அடிக்க விடாதீர்கள். பிளேடு வேலை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

எட்டாம் வகுப்புப் பையன் நான்கு நாள் ஒரு கதவோடு உட்கார்ந்திருக்கிறான் என்று படித்தபோது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. கதவு முடிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: 31 வருடம் லாரி ஓட்டினேன். நான் ஓட்டிய வண்டிக்குக் கிட் எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்கக் காருக்குச் சொன்ன முறையில் நம் லாரியைச் செய்ய முடியுமா?
(சங்ககிரி)

கண்டிப்பாக முடியும் ஐயா. பிளாஸ்டிக் ஷீட் வாங்கி வெட்டி ஒட்ட வேண்டும், அதைத் தவிர ப்ரைமரிலிருந்து வாட்டர் பேப்பர் வரை எல்லாம் அதே வேலைதான். சொல்லப்போனால் உங்களுக்கு எங்களைவிட வசதி. நான் சார்ஜரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், உங்கள் வண்டி மாதிரியே ஒன்று இன்னும் சங்ககிரியில் ஏதாவது ஒரு ஷெட்டில் நின்றுகொண்டிருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் முதலில் வீல்பேஸ், பிறகு கேபின் உயரம், டயர் விட்டம், சைடு பலகையின் கனம், எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் குறித்து வாருங்கள். ஒவ்வொன்றையும் 25-ஆல் வகுத்தால் போதும். 17 அடி பாடி என்று எழுதியிருக்கிறீர்கள், அது எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். பலகைக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், ஐஸ் குச்சியை மெல்லியதாகச் சீவினால் நிஜ மரமாகவே இருக்கும்.

அளவெடுக்கப் போகும்போது கேபினுக்குள்ளும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். சாமி படம் எங்கே இருந்தது, பின்கதவில் என்ன வாசகம் எழுதியிருந்தீர்கள், எந்த நிற எழுத்து, எல்லாவற்றையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், எழுத்தை 25-ல் ஒரு பங்கில் எப்படி எழுதுவது என்று அப்போது விரிவாகச் சொல்கிறேன்.