பஞ்சமி நிலம்: பட்டாவை விடுங்கள், பழைய பதிவேட்டைப் பிடியுங்கள்

கேள்வி: பஞ்சமி நிலம் என்பது ஆங்கிலேய அரசு பஞ்சமருக்கு, அதாவது இன்றைய பட்டியல் சாதியினருக்கு, ஒதுக்கிய நிலம். தரிசு நிலம் கேட்டு யார் வேண்டுமானாலும் மனு போட்டிருக்கலாமே, அவர்களுக்கென்று தனியாக ஏன் கொடுத்தார்கள்?

மனு போடலாம், கிடைக்காது. செங்கல்பட்டில் இருந்தது மிராசி முறை; ஊர் நிலத்தின் மீது சில குடும்பங்களுக்குப் பரம்பரை உரிமை, அவர்களே மிராசுதார்கள். சேரிக்காரர் தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து மனு போட்டதும், "அதை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று மிராசுதார் வந்து நிற்பார்; முன்னுரிமை அவருக்குத்தான். குடிசை நின்ற மனைகூட அவருடையது என்பதால், கூலியை உயர்த்திக் கேட்டவரைக் குடும்பத்தோடு வெளியேற்ற முடிந்தது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் இதையெல்லாம் அறிக்கையாக எழுதினார். பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க 30.9.1892-ல் வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இதை ஒரு வெள்ளைக்காரரின் கருணையாகச் சுருக்குவது தவறு. தலித் தலைவர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கியதும் அதே 1891-ல்தான்.

கேள்வி: நிபந்தனை என்ன?

முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தாத்தா உழுத நிலம் ஐயா. இப்போது வேறொருவர் பெயரில் பட்டா. பஞ்சமிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்றைய பட்டாவிலும் சிட்டாவிலும் தேடிப் பயனில்லை. 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பித்து யூடிஆர் பதிவேடு எழுதியபோது பல ஊர்களில் அனுபவத்தில் இருந்தவர் பெயர் ஏறியது, குறிப்புக் கலத்தில் இருந்த நிபந்தனை ஏறவில்லை. அங்கேதான் நூல் அறுந்தது. எனவே இன்றைய புல எண், உட்பிரிவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். தாலுகா அலுவலகத்தில் பழைய எண், புது எண் ஒப்புமைப் பட்டியலைப் பார்த்துப் பழைய எண்ணை எடுங்கள். அந்த எண்ணுக்கு யூடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் (கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடு) செட்டில்மென்ட் பதிவேட்டையும் (ஆங்கிலேயர் கால நிலவரித் திட்டப் பதிவேடு) கேளுங்கள். தாலுகாவில் "சிதிலமாகிவிட்டது" என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். பெயருக்கு எதிரே, கடைசிக் கலத்தில் 'டி.சி.' (டிப்ரஸ்டு கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பார்) என்றோ 'பஞ்சமர்' என்றோ சின்னதாக எழுதியிருக்கும். அந்தச் சின்னக் குறிப்புதான் உங்கள் வழக்கின் உயிர்.

தகவல் உரிமை மனுவில் பலரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். "எங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு?" என்று கேட்டால் "தகவல் தொகுக்கப்படவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 10 ரூபாய் கட்டணத்தோடு, "இந்தக் கிராமம், இந்தப் பழைய எண் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். வில்லங்கச் சான்றும் எடுத்து வையுங்கள். முதல் விற்பனை எந்த ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு என்பது அதில் தெரியும்.

கேள்வி: வாங்கியவர் "40 வருடமாக வரி கட்டுகிறேன், பத்திரம் இருக்கிறது" என்கிறார்.

பட்டாவோ பத்திரமோ நிபந்தனையை அழித்துவிடாது. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு எங்கிருந்து வரும்? ஆனால் மீட்கும் அதிகாரம் அரசுடையது. ஆகவே மனு கலெக்டருக்கும் கோட்டாட்சியருக்கும் போக வேண்டும். வாங்கியவரோடு நேரடிப் பேச்சுவார்த்தை வேண்டாம். "பாதிப் பணம் தருகிறேன்" என்பார், கையெழுத்துப் போட்டால் அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்.

கேள்வி: இதற்குத் தனிச் சட்டம் உண்டா?

கர்நாடகத்தில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 1984-ல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. தமிழ்நாட்டில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லாததே பெரிய குறை. 1994 அக்டோபரில் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

கேள்வி: நிலம் எங்கள் கையில்தான் இருக்கிறது, ஆள் வைத்து மிரட்டுகிறார்கள்.

உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் அத்துமீறிப் பயிரிடுவதும், அவர்களை அதிலிருந்து வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)-ன் கீழ் குற்றம். புகாரில் புல எண், தேதி, நேரம், சாட்சி நான்கும் இருக்கட்டும். பயிர் செய்வதை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பசலியும் (வருவாய் ஆண்டு) அடங்கலில், அதாவது பயிர்க் கணக்கில், உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள்.