வாசகர் கேள்வி – பதில்: பழைய பான்ஜோ அசல்தானா?

கேள்வி: எங்கள் ஊர் இசைக்குழுவுக்காக ஒரு பான்ஜோ தேடிக்கொண்டிருக்கிறோம். வவுனியாவில் ஒருவர், கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்தது என்று கூறி, ஐந்து தந்திப் பான்ஜோ ஒன்றை ஆறு இலட்சம் ரூபாவுக்குத் தருவதாகச் சொல்கிறார். தலைப்பகுதியில் 'கிப்சன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயர் சிப்பியில் பதித்திருக்கிறது. அந்நிறுவனத்தின் 'மாஸ்டர்டோன்' வரிசையில் 1926ஆம் ஆண்டில் செய்த கருவி என்பது அவர் வாக்கு. அது அசல்தானா என்பதைப் பணம் கொடுக்குமுன் எவ்வாறு அறிவது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: தலையிலுள்ள பெயரை முதலில் மறந்துவிடுங்கள். சிப்பி வெட்டத் தெரிந்த எவரும் அதைப் பதித்துவிடலாம். பான்ஜோ திருகாணிகளாலும் கொக்கிகளாலும் பூட்டப்படும் கருவி என்பதால், ஒன்றின் கழுத்தையும் இன்னொன்றின் வட்ட உடலையும் ஒரே பிற்பகலில் இணைத்துவிட முடியும். ஆகவே 'அசலா?' என்ற கேள்வியை ஒவ்வோர் உறுப்பிடமும் தனித்தனியே கேட்கவேண்டும். பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர் செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிடுவது போன்ற வேலைதான் இது.

வவுனியாவுக்குப் பஸ் ஏறுமுன், பின்தட்டைக் கழற்றி உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது கைவிரலால் திருகக்கூடிய சில ஆணிகளில்தான் நிற்கிறது. கழற்றினால் கருவி கெட்டுவிடும் என்று சொல்பவரிடம் வாங்காதிருப்பதே நல்லது. மரவளையத்தின் உட்புறத்திலும் பின்தட்டின் உட்புறத்திலும் தொழிற்சாலை இலக்கம் இருக்கிறதா, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். சுற்றியுள்ள மரம் நூறாண்டுப் பழுப்பில் இருக்க, இலக்கம் மட்டும் நேற்று எழுதியது போல் கறுத்திருந்தால் அதை நம்பவேண்டாம். வளையம் மேப்பிள் மரத்தை அடுக்கி ஒட்டியதாக இருக்கவேண்டும். அதற்குப் பதிலாக வெள்ளி நிறத்தில் ஒரே வார்ப்பான அலுமினிய உடலும், சுற்றிவர 30 கொக்கிகளும் இருந்தால், அது 1970களில் ஆசியாவிலிருந்து மலிவாக ஏற்றுமதியான வகையைச் சேர்ந்தது. மாஸ்டர்டோனில் கொக்கிகள் 24. இதை எண்ணிப்பார்க்கக் கழற்றவே தேவையில்லை. ஒரு நல்ல படம் போதும்.

அடுத்தது ஆண்டு. மாஸ்டர்டோன் வரிசை 1925இல் தொடங்கியது. அந்தத் தொடக்க ஆண்டுகளின் கருவிகளில் தோலுக்குக் கீழுள்ள உலோக ஒலிவளையம் சிறிய உருக்குக் குண்டுகளின் மேல் அமர்ந்திருக்கும். இன்று எல்லோரும் விரும்பும் பாரமான தட்டை ஒலிவளையம் 1930களுக்கு உரியது. கொக்கிகள் கோத்துநிற்கும் விளிம்பும் அன்று குழாயும் தகடுமாக இரு துண்டுகளாக இருந்தது. ஒரே வார்ப்பாக வந்தது 1920களின் கடைசியில்தான். ஆகவே தட்டை வளையமும் ஒற்றை வார்ப்பு விளிம்பும் உள்ள கருவியை 1926 என்று ஒருவர் சொன்னால், ஆண்டு பிழை, அல்லது உறுப்புகள் மாற்றப்பட்டவை. அக்காலத் தலைகளில் பெரும்பாலும் 'தி கிப்சன்' என்றே எழுதியிருக்கும் என்பதையும், கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் மூடியைக் கிப்சன் இரண்டு திருகாணிகளால் பூட்டும், பிரதிகளில் பெரும்பாலும் மூன்று இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரத் தலைத் திருகாணிகள் 1930களின் நடுப்பகுதிக்குப் பின்னரே புழக்கத்துக்கு வந்தன. அவை இருந்தால் பின்னாளில் எவரோ கை வைத்திருக்கிறார்.

ஆனால் உங்கள் விடயத்தில் என்னைக் கூடுதலாக யோசிக்க வைப்பது அந்த ஐந்து தந்திதான். 1920களில் நாட்டியக் குழுக்களுக்கு வேண்டியிருந்தது நான்கு தந்தி டெனர் பான்ஜோ. தொழிற்சாலையிலிருந்து ஐந்து தந்தியோடு வெளிவந்தவை மிகச் சில. பின்னாளில் ஐந்து தந்தி இசை பரவியபோது, டெனர்களின் கழுத்தைக் கழற்றிவிட்டுப் புதிய கழுத்துப் பூட்டும் வழக்கம் வந்தது. அப்படிச் செய்த கருவி போலியன்று. வாசிக்க மிக நன்றாகவும் இருக்கலாம். ஆயினும் அசல் கழுத்துள்ள கருவிக்குரிய விலையை அதற்குக் கொடுக்கக்கூடாது. ஐந்தாம் மெட்டருகே உள்ள பிருடையையும் (தந்தியை முறுக்கும் ஆணி), கழுத்தின் அடி வளையத்தைத் தொடும் இடத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். வளையத்தில் பயன்படாத பழைய துளைகள் இருக்கின்றனவா? கழுத்தின் சாயமும் பின்தட்டின் சாயமும் ஒரே அளவில் மங்கியிருக்கின்றனவா? இயன்றால் உங்கள் ஊர்த் தச்சர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். பான்ஜோவை அவர் கண்டிராவிட்டாலும், நம் ஊர் முதிரை மரத்தின் மஞ்சளும் மேப்பிளின் வெளிறலும் வேறு வேறு என்பதைச் சாயம் போன மூலையொன்றைப் பார்த்தே சொல்லிவிடுவார். இங்கே திருத்திய கருவி என்றால் அந்த மூலையில் தெரிந்துவிடும்.

தோலைப் பற்றிக் கவலை வேண்டாம். அன்று கன்றுத்தோல், இன்று பிளாஸ்டிக். குதிரையும் (தோலின் மேல் நின்று தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு) தந்தியும்கூடத் தேய்ந்து மாற்றப்படுபவையே.

கேள்வி: டொரன்டோவில் இருக்கும் அண்ணா 'வேகா' பான்ஜோ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். உடலுக்குள் குறுக்கே ஓடும் மரக்கட்டையில் ஓர் இலக்கமும் வளையத்தில் வேறோர் இலக்கமும் உள்ளன. வாங்கலாமா?
– வாசகி, மாங்குளம்

பதில்: வேகா அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பான்ஜோ செய்த பழைய நிறுவனம். அங்கே செய்த கருவிகளில் அவ்விரு இலக்கங்களும் ஒன்றாகவே இருக்கவேண்டும். அந்த மரக்கட்டை கழுத்தோடு சேர்ந்தது என்பதால், இலக்கங்கள் வேறுபட்டால், கழுத்து ஒரு கருவியினது, உடல் இன்னொன்றினது. இரண்டுமே உண்மையான வேகாவாக இருக்கலாம் என்பதால் அண்ணா வாங்குவதில் தவறில்லை; இந்தப் பொருத்தமின்மையை விற்பவரிடம் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கட்டும். உள்ளே பொஸ்டன் என்ற பெயர் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வேகாவை 1970இல் மார்ட்டின் என்ற கிட்டார் நிறுவனம் வாங்கியது. 1989இல் அந்தப் பெயர் டீரிங் என்ற பான்ஜோ நிறுவனத்திடம் சென்றது. ஆகவே பெயர் ஒன்றாயினும் கருவிகள் ஒன்றல்ல, விலையும் ஒன்றல்ல. அனுப்பும்போது தந்திகளைத் தளர்த்தி, குதிரையை எடுத்துத் தனியே சுற்றி வைக்கச் சொல்லவும்.